கூரையும் பட்டாவும்

ஒரு குடும்பம் நிலைபெற இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, தலைக்கு மேலே கூரை. மற்றொன்று, அக்கூரை நிற்கும் மண் யாருக்கு உரியது என்று கூறும் பட்டா. முன்னது வெயிலையும் மழையையும் தடுக்கும். பின்னது வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதைத் தடுக்கும். முன்னதை ஊரார் அனைவரும் காண்பர். பின்னது பெட்டிக்குள் கிடக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டின் நடுமேட்டு நிலத்தில், விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் எண்ணற்ற வீடுகளுக்குத் தகரக் கூரை கிடைக்கச் செய்தவர்கள் பெண்கள். அவ்வீடுகள் நின்ற நிலத்தின் பட்டாக்களிலோ அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் இல்லை. கூரையிலிருந்து பட்டா வரை உள்ள தொலைவைக் கடக்க அப்பெண்கள் நடந்த வழி நெடியது; இன்னும் முடியாதது. பெண்களின் கூட்டுப்பணி அவர்களுக்குச் சமத்துவத்தைப் பெற்றுத் தருமா என்னும் வினாவுக்கு விடை தேடுவார்க்கு அவ்வழியைக் காட்டிலும் நல்ல பாடம் வேறில்லை.

கென்யா மலையும் அபர்தாரே மலைத்தொடரும் அந்நாட்டின் நடுவே நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் சரிவுகளில் நியேரி, முராங்கா, கியாம்பு முதலிய வட்டாரங்கள் அமைந்துள்ளன. செம்மண் நிலம், குளிர்ந்த காற்று, ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். கிக்குயு மக்களின் தாயகமான இப்பகுதியில் சோளமும் அவரையும் கிழங்கு வகைகளும் உணவுக்காக விளைகின்றன. தேயிலையும் காப்பியும் பணத்திற்காக விளைகின்றன. உணவுப் பயிரைப் பேணும் பொறுப்புத் தொன்றுதொட்டே பெண்களுடையது. மண்ணைக் கொத்துதல், விதைத்தல், களையெடுத்தல், அறுவடை செய்தல் ஆகியவற்றோடு, ஓடையிலிருந்து தண்ணீரும் காட்டிலிருந்து விறகும் சுமந்து வருவதும் அவர்கள் கடமையாயிற்று. நெற்றியில் தோல்வார் பதிய, முதுகில் விறகுக் கட்டைத் தாங்கி மேடேறும் பெண்ணின் தோற்றம் அம்மலைச் சரிவுகளில் அன்றாடக் காட்சியாக இருந்தது.

இத்தனைப் பணிகளையும் தனியொருத்தியால் செய்து முடிக்க இயலாது. ஆகவே, இன்று ஒருத்தியின் வயலில் எல்லாரும், நாளை மற்றொருத்தியின் வயலில் எல்லாரும் என முறைவைத்து உழைக்கும் வழக்கம் கிக்குயுப் பெண்களிடையே பண்டுதொட்டே இருந்து வந்தது. அதனை அவர்கள் 'ங்வாத்தியோ' என்றனர். அதில் கூலி என்பது இல்லை. பெற்ற உதவியைத் திருப்பிச் செய்வதே கூலி. பிற்காலத்தில் அறிஞர்களும் அதிகாரிகளும் பெண்களின் சமூகத் திட்டங்கள் என்று பெயரிட்டு அறிக்கைகளில் எழுதியவற்றுள் பல, இப்பழைய வேரிலிருந்து கிளைத்தவையே.

நிலத்தைப் பொறுத்தவரை, பழைய வழக்கில் அது தனி ஒருவருடைய உடைமையாக இருந்ததில்லை. ஒரு முன்னோரின் வழிவந்த குடியினர் அனைவர்க்கும் அது பொதுவாக இருந்தது. மணமுடித்து வந்த பெண்ணுக்குக் கணவன் வீட்டார் சில வயல்களை ஒதுக்கிக் கொடுப்பர். அவற்றில் விளைந்ததை அவள் தன் களஞ்சியத்தில் சேர்த்துத் தன் மக்களை ஊட்டி வளர்ப்பாள். அந்நிலத்தை விற்க அவளால் முடியாது. ஆனால், அவளை அதிலிருந்து எளிதில் எவரும் துரத்திவிடவும் முடியாது. சமத்துவம் என்று அதனைப் புகழ்வதற்கில்லை. எனினும், உழுபவளுக்கு ஒரு காவல் இருந்தது என்று கூறலாம்.

வெள்ளையர் ஆட்சி அக்காவலைச் சிறிது சிறிதாகத் தகர்த்தது. நல்ல மேட்டு நிலங்களைக் குடியேறிய ஐரோப்பியர் கைப்பற்றினர். ஆடவர் பலர் பண்ணைகளுக்கும் நைரோபி நகருக்கும் கூலி வேலை தேடிச் சென்றனர். ஊரில் எஞ்சிய வயலும் குழந்தைகளும் பெண்களின் தோளில் விழுந்தன. 1952ஆம் ஆண்டில் மாவ் மாவ் போராட்டத்தை அடக்க அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆடவர் தடுப்பு முகாம்களில் அடைபட, பெண்களும் குழந்தைகளும் காவலிடப்பட்ட புதுக் குடியிருப்புகளுக்குள் தள்ளப்பட்டனர். அங்கே குழி வெட்டவும் பாதை போடவும் ஏவப்பட்டனர். அந்நிலையில்தான், 1954இல், ஸ்வின்னர்ட்டன் திட்டம் என்னும் வேளாண்மைத் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த வயல்களை ஒன்றுசேர்த்து, வேலியிட்டு, தனி ஒருவர் பெயரில் பதிவு செய்து பட்டா வழங்குவது அதன் நோக்கம். பதிவேட்டில் குடும்பத் தலைவர் என்று எழுதப்பட்டவர் ஆடவரே. வழக்கத்தால் பெண் பெற்றிருந்த உழும் உரிமையை எழுதுவதற்கு அப்பதிவேட்டில் இடமே வைக்கப்படவில்லை. பழைய வழக்கம் வாய்மொழியில் வாழ்ந்தது. புதிய சட்டம் தாளில் வாழ்ந்தது. வாய்மொழிக்கும் தாளுக்கும் வழக்கு நேர்ந்தால் வெல்வது எது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவசரநிலை அறிவிக்கப்பட்ட அதே 1952ஆம் ஆண்டில், 'மேந்தெலேயோ யா வனவாக்கே' என்னும் மகளிர் அமைப்பும் தோன்றியது. சுவாகிலி மொழியில் அதற்குப் பெண்களின் முன்னேற்றம் என்று பொருள். அரசின் ஆதரவோடு ஐரோப்பியப் பெண்களால் நடத்தப்பட்ட அவ்வமைப்புத் தையலும் சமையலும் குழந்தை வளர்ப்பும் கற்பித்தது. ஆட்சியாளரின் கருவி என்று அதனை ஐயுற்றோர் பலர். ஆயினும், 1958இல் ஃபீபி அசியோ என்னும் ஆப்பிரிக்கப் பெண்மணி அதன் தலைமைக்கு வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. மாற்றார் அமைத்த மேடையாயினும், பேசும் வாய் தம்முடையதானால் அது பயன்படும் என்பதைக் கென்யப் பெண்கள் அன்றே உணர்ந்தனர்.

1963 திசம்பர் 12ஆம் நாள் கென்யா விடுதலை பெற்றது. முதல் தலைவர் ஜோமோ கென்யாட்டா மக்களுக்கு அளித்த முழக்கம் 'ஹராம்பே' என்பது. எல்லாரும் சேர்ந்து இழுப்போம் என்பது அதன் கருத்து. அரசிடம் பணம் குறைவு. மக்களின் தேவையோ மிகுதி. ஆகவே, ஊரார் தாமே ஒன்றுகூடிப் பள்ளிக்கூடமும் மருந்தகமும் சாலையும் அமைக்க வேண்டும் என்று வேண்டப்பட்டது. நாடெங்கும் எழுந்த ஹராம்பே பள்ளிகளுக்குக் கல் சுமந்தவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் யாவர் என்று எண்ணிப் பார்த்தால், அவர்களுள் பெரும்பகுதியினர் பெண்கள் என்பது விளங்கும்.

அக்காலத்தில்தான் 'மபாத்தி' குழுக்கள் பரவின. மபாத்தி என்றால் சுவாகிலியில் நெளிதகரம். அதுவரை வீடுகளுக்குப் புல் வேயப்பட்டிருந்தது. நிலமெல்லாம் வேலிக்குள் வந்து பயிரேறியபின் கூரைக்கு ஏற்ற புல் அரிதாயிற்று. புல்லை அறுப்பதும் சுமப்பதும் பெண்கள் வேலை; ஒழுகும் கூரையின் கீழ்க் குழந்தையை நனையாமல் காப்பதும் அவர்கள் வேலை. தகரக் கூரையோ பல்லாண்டு நிற்கும். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று அதில் உண்டு. தகரத்தில் விழும் மழைநீரை வாய்க்காற்குழல் வழியே தொட்டியில் நிரப்பலாம். ஓடைக்கு நடக்கும் நடை குறையும். புதுமை மோகத்தால் அவர்கள் தகரத்தை நாடினர் என்று நினைப்பது பிழை. தம் முதுகெலும்பின் வலியை அறிந்தவர்கள் அவ்வலிக்கு மருந்து தேடினர்.

ஒருத்தி தனியே தகரம் வாங்க முடியாது. ஆகவே ஊர்ப்பெண்கள் குழுவாகச் சேர்ந்தனர். தம் வயல் வேலை முடிந்தபின், பிறர் தோட்டங்களில் களையெடுத்தும் காப்பிப் பழம் பறித்தும் கிடைத்த கூலியைத் தனித்தனியே பிரித்துக்கொள்ளாமல் பொதுநிதியில் சேர்த்தனர். தவணைதோறும் ஒவ்வொருவரும் சிறு தொகை கட்டினர். தொகை திரண்டதும் தகரம் வாங்கி, முறைப்படி ஓர் உறுப்பினரின் வீட்டுக்குக் கூரை போட்டனர். பின்னர் அடுத்தவர், அதன்பின் அதற்கடுத்தவர். முதலில் கூரை பெற்றவள், கடைசியில் உள்ளவளின் வீடு மூடப்படும்வரை உழைத்தாக வேண்டும். நம்பிக்கை முறிந்தால் குழுவே முறிந்துவிடும். ஊரறிய ஒப்புக்கொண்ட சொல்லே அங்கே பிணைப் பத்திரம். கூரைகள் முடிந்தபின் பல குழுக்கள் கலையவில்லை. தண்ணீர்த் தொட்டி, கறவை மாடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று அடுத்த தேவைகளை நோக்கி நகர்ந்தன.

கூரை மட்டுமா கிடைத்தது? குழுவுக்குத் தலைவி வேண்டும், செயலாளர் வேண்டும், பொருளாளர் வேண்டும். வரவும் செலவும் எழுதப்பட வேண்டும். கூட்டத்தில் பலர் நடுவே எழுந்து நின்று பேச வேண்டும். மாறுபட்ட கருத்தைக் கேட்டுப் பொறுக்க வேண்டும். ஊர்ச்சபையில் வாய்திறக்கும் வாய்ப்பில்லாதவர்கள் தம் சபையில் வாய்திறக்கப் பழகினர். ஓர் ஆட்சியை நடத்துவதற்கு வேண்டிய பண்புகள் அனைத்தும் ஒரு கூரைக் குழுவை நடத்துவதற்கும் வேண்டும். வாக்குச் சீட்டு அவர்களுக்கு அளித்த பயிற்சியைவிட இது பெரிது எனலாம்.

எனினும், நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பெண்களின் கூலியால் வாங்கிய தகரம் ஆடவரின் நிலத்தில் நின்ற வீட்டின்மேல் ஏறியது. வீட்டின் மதிப்பு உயர்ந்தது. உயர்ந்த மதிப்பு பட்டாவில் பெயருள்ளவர்க்கு உரியதாயிற்று. மணவுறவு முறிந்தால் அவள் தகரத்தைக் கழற்றிக்கொண்டா செல்ல முடியும்? கணவன் இறந்தபின் அவன் உடன்பிறந்தோர் நிலத்துக்கு வந்து நின்றால் அவள் எதைக் காட்டி வாதிடுவாள்? காப்பிச் செடியைப் பேணுபவள் அவள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் நிலவுடைமையாளரான கணவர். ஆகவே விளைச்சலுக்குரிய பணம் அவர் கைக்கே போயிற்று. பள்ளிக்குக் கல் சுமந்தவளின் மகனுக்கு அப்பள்ளியில் கிடைத்த இடம் மகளுக்குக் கிடைப்பது அரிதாக இருந்தது.

மேலும் ஒன்று நோக்கத்தக்கது. வயல் வேலை ஒன்று. வீட்டு வேலை இரண்டு. சமூகத் திட்டம் என்னும் பெயரில் வந்தது மூன்றாவது வேலை. அரசு செய்ய வேண்டியதைப் பெண்கள் கூலியின்றிச் செய்தபோது, அவர்கள் ஆர்வம் மேடைகளில் புகழப்பட்டது. புகழ்ந்தவர்கள் அவர்களைத் தம்மோடு சரிசமமாக அமர்த்தினார்களா? 1969இல், மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தந்தை பொருளுதவி செய்ய வேண்டும் என்னும் சட்டத்தைக் கென்ய நாடாளுமன்றம் நீக்கியது. அதே நாட்டில், அதே ஆண்டுகளில், பெண்களின் கூட்டுழைப்பு நாட்டின் பெருமை என்று போற்றப்பட்டது. உழைப்பைப் போற்றுவது வேறு. உழைப்பவளின் உரிமையை ஏற்பது வேறு. முதலாவது செலவில்லாத செயல். இரண்டாவதற்கு ஆடவர் எதையேனும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்நிலையில், நியேரி வட்டாரத்து இகித்தே என்னும் சிற்றூரில் 1940இல் பிறந்த வங்காரி மாத்தாய் என்னும் பெண்மணியின் பணியைக் காண்போம். அமெரிக்காவில் உயிரியல் பயின்று திரும்பிய அவர், 1971இல் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, நடு ஆப்பிரிக்கப் பகுதிகளில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. நைரோபியில் கால்நடை மருத்துவத் துறைப் பேராசிரியராக விளங்கியபோது, மாடுகளைத் தாக்கும் உண்ணிகளைப் பற்றிய ஆய்வுக்காக ஊர்ப்புறம் சென்றார். மாடுகள் மெலிந்திருந்தன, மேய்ச்சல் புல் இல்லை, மழைநீர் செம்மண்ணை அரித்துக்கொண்டு ஓடியது. கென்ய தேசிய மகளிர் மன்றத்தின் கூட்டங்களில் நாட்டுப்புறப் பெண்கள் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, சத்துள்ள உணவு இல்லை. இக்குறைகள் யாவும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்று அவர் கண்டார். காடழிந்து காப்பியும் தேயிலையும் வந்தன, மரமின்றி ஓடை வற்றியது, விறகில்லாத வீட்டில் நெடுநேரம் வேகும் அவரை அடுப்பேறவில்லை, விரைவில் வேகும் சத்தில்லா உணவு ஏறியது, குழந்தைகள் நலிந்தன.

மரம் நடுவோம் என்றார் அவர். 1977 சூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, நைரோபியில் உள்ள கமுக்குஞ்சிப் பூங்காவில் ஏழு மரக்கன்றுகள் நடப்பட்டன. பசுமை வளைய இயக்கம் என்று பின்னாளில் உலகறிந்த பேரியக்கத்தின் தொடக்கம் அவ்வளவே. கன்று வளர்ப்பதற்குப் படிப்பு வேண்டும் என்று வனத்துறையினர் எண்ணினர். தலைமுறை தலைமுறையாக விதையோடும் மண்ணோடும் வாழ்ந்த பெண்களுக்கு அது புதுக்கலை அன்று. அருகிலுள்ள மரங்களின் விதைகளைப் பொறுக்கி, உடைந்த பாண்டங்களிலும் பழைய தகரக் குவளைகளிலும்கூட முளைக்க வைத்து, ஊர்தோறும் நாற்றங்கால் அமைத்தனர். நட்ட கன்றுக்குப் பணமில்லை. பிழைத்த கன்றுக்கே சிறு தொகை வழங்கப்பட்டது. இவ்விதி எளியது, ஆனால் நுட்பமானது. நடுவது ஒருநாள் விழா. பிழைக்க வைப்பது பல மாத உழைப்பு. விழாவுக்குக் கைதட்டிவிட்டு உழைப்பை மறக்கும் உலகில், அவ்வியக்கம் உழைப்புக்கு விலை வைத்தது. அவ்விலை பெண்ணின் கைக்கே நேரே சேர்ந்தது. இயக்கத்தின் கணக்கின்படி, இதுவரை நடப்பட்டவை 5 கோடி மரங்களுக்கு மேல்.

இவ்வளவு கற்ற பெண்மணியின் சொந்த வாழ்க்கை எவ்வாறு இருந்தது? 1979இல் நீதிமன்றம் அவருடைய மணவாழ்வை முறித்தது. தீர்ப்பைக் குறை கூறியதற்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, சில நாள் சிறையிலும் இருந்தார். கணவரின் குடும்பப் பெயரை அவர் இனிப் பயன்படுத்தலாகாது என்று கோரப்பட்டபோது, அப்பெயரில் ஓர் உயிரெழுத்தைக் கூட்டித் தமக்கே உரிய பெயராக்கிக் கொண்டார். 1982இல் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிட எண்ணிப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். வேட்பாளராக நிற்கத் தகுதியில்லை என்று தடுக்கப்பட்டார். பழைய பதவியும் திரும்பக் கிட்டவில்லை. பதவியோடு இணைந்த வீடும் போயிற்று. முனைவர் பட்டம் பெற்றவளும் மண்வெட்டி பிடித்தவளும் ஒரே நிலையில்தான் இருந்தனர். இருவர் தலைக்கு மேலும் இருந்த கூரை பிறர் பெயரில் இருந்தது.

1985 சூலையில், ஐக்கிய நாடுகள் அவையின் மூன்றாவது உலக மகளிர் மாநாடு நைரோபியில் கூடியது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்த பெண்கள் சமத்துவத்தைப் பற்றி உரையாற்றினர். மாநாடு நடந்த நகரத்தின் நாட்டில், அரசியல் சட்டம் தடைசெய்த வேற்றுமைகளின் பட்டியலில் பால் வேற்றுமை அப்போது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. 1997இல்தான் அச்சொல் சேர்க்கப்பட்டது. அப்போதும் திருமணம், மணமுறிவு, சொத்துரிமை ஆகியவற்றைப் பற்றிய சட்டங்களுக்கு அத்தடையிலிருந்து விலக்கு இருந்தது. பெண்ணின் வாழ்க்கை பெரும்பாலும் இம்மூன்றினுள் அடங்கும்போது, அவற்றை விலக்கிவிட்டு வழங்கும் சமத்துவம் எத்தகையது என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1972இல் இயற்றப்பட்டு 1981இல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டம் மகனையும் மகளையும் ஒப்ப மதித்தது உண்மை. ஆனால், சில மாவட்டங்களின் விளைநிலத்தை அது வழக்காற்றுக்கே விட்டுவிட்டது.

கன்று வளர்த்த பெண்கள் மெல்ல மெல்ல வேறு வினாக்களையும் எழுப்பத் தொடங்கினர். நாம் நடும் மரத்தை வெட்ட ஆணையிடுபவர் யார்? பொதுக்காடு தனியார் கைக்குப் போவது எவ்வாறு? 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப ஆட்சியாளர் முனைந்தனர். வங்காரி மாத்தாய் எதிர்த்து எழுதினார். மணமுறிவு பெற்ற பெண்களின் கூட்டம் என்று நாடாளுமன்றத்தில் அவ்வியக்கத்தை எள்ளினர். ஆயினும், இறுதியில் கைவிடப்பட்டது அக்கட்டடத் திட்டமே. 1992 பிப்ரவரியில், அரசியல் கைதிகளாகச் சிறையில் வாடிய பிள்ளைகளை விடுவிக்கக் கோரி, முதிய தாய்மார் சிலர் அதே பூங்காவில் உண்ணாநோன்பு தொடங்கினர். மாத்தாய் அவர்களோடு இருந்தார். காவலர் தாக்கியபோது தாய்மாருள் சிலர் தம் ஆடையைக் களைந்து நின்றனர். தாயின் நிர்வாணத்தைக் காண்பது ஆடவர்க்குச் சாபம் என்பது அம்மக்கள் நம்பிக்கை. 1922இல், தலைவர் ஹேரி தூக்குவின் விடுதலைக்காகக் கூடிய கூட்டத்தில், மேரி முத்தோனி நியாஞ்சிரு என்னும் பெண்ணும் அவ்வழியிலேயே ஆடவரின் தயக்கத்தை இடித்துரைத்துத் துப்பாக்கிச் சூட்டில் மாண்டாள். இம்முறை தாய்மார் மாளவில்லை. அருகிலிருந்த தேவாலயத்தில் தங்கி ஏறத்தாழ ஓராண்டு போராடினர். 1993இல் பிள்ளைகளுள் பெரும்பாலோர் விடுதலையாயினர்.

2002இல் மாத்தாய் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்ணானார். 2011 செப்டம்பர் 25ஆம் நாள் மறைந்தார். அவர் மறைவதற்கு ஓராண்டுக்கு முன், 2010 ஆகத்தில், கென்யாவுக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. நிலத்தைப் பற்றிய சட்டத்திலும் வழக்காற்றிலும் பால் வேற்றுமை ஒழிய வேண்டும் என்று அது வெளிப்படையாகக் கூறியது. நாடாளுமன்றத்தில் மாவட்டத்திற்கு ஒருவராக 47 பெண்களுக்கு இடம் ஒதுக்கியது. 2012ஆம் ஆண்டுச் சட்டங்கள், கணவனோ மனைவியோ மற்றவர் இசைவின்றிக் குடும்ப வீட்டை விற்பதைத் தடுத்தன. 2013இல் வந்த மணவாழ்வுச் சொத்துச் சட்டம், சமையலும் குழந்தை வளர்ப்பும் வயல் வேலையும் சொத்துக்கு அளித்த பங்களிப்பே என்று ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு முன் கூரைக்காகச் சிந்திய வியர்வைக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்தது என்பதால் பொருள் கிடைத்துவிட்டது என்று எண்ணுதல் கூடாது. பங்களிப்பை மெய்ப்பித்தே பங்கைப் பெற வேண்டும். மணந்ததனாலேயே சரிபாதி உரித்தாகாது என்று 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விறகு சுமந்ததற்கும் களையெடுத்ததற்கும் எந்தப் பெண் பற்றுச்சீட்டு வைத்திருப்பாள்? தேர்ந்தெடுக்கப்படும் அவை எதிலும் ஒரு பாலினர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதியை நாடாளுமன்றம் சட்டமாக்கவில்லை. அதனால், நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு 2020இல் தலைமை நீதிபதி குடியரசுத் தலைவருக்கு அறிவுரை கூறினார். அது கலைக்கப்படவும் இல்லை. 2022 தேர்தலில் 47 மாவட்டங்களுள் 7 மாவட்டங்களுக்குப் பெண்கள் ஆளுநராயினர். நிலப்பட்டாக்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் ஆடவர் பெயரிலேயே உள்ளது.

அருகிலுள்ள ருவாண்டா நாட்டின் வரலாறு இவ்விடத்தில் ஒப்பிடத் தக்கது. 1994இல் நடந்த இனப்படுகொலைக்குப்பின் அந்நாட்டில் கைம்பெண்கள் மலிந்தனர். நிலத்துக்கு ஆடவர் பெயரையே தேடினால் நாடே பட்டினி கிடக்கும் என்னும் நிலை. 1999இல் மகளுக்கும் மகனுக்கும் ஒத்த வாரிசுரிமை சட்டமாயிற்று. பின்னர் நாடெங்கும் நிலம் பதிவானபோது, சட்டப்படி மணந்த மனைவியின் பெயரும் கணவனின் பெயரோடு பட்டாவில் எழுதப்பட்டது. 2008 தேர்தலில், உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மையினராக அமர்ந்த நாடாளுமன்றம் அங்கே அமைந்தது. ஆனால், பதிவு பெறாத மணத்தில் வாழ்ந்த பெண்கள் அக்காவலுக்கு வெளியே நின்றனர். ஒரு வாயில் திறக்கும்போது, அதன் வழியே நுழைய இயலாதவர்கள் யாவர் என்பதையும் கேட்டாக வேண்டும் என்பதே ருவாண்டா தரும் பாடம்.

ஆகவே, கூட்டுப்பணி பெண்ணுக்குச் சமத்துவம் தருமா என்னும் வினாவுக்கு ஆம் என்றும் இல்லை என்றும் ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. தகரக் கூரை தானே பட்டாவாக மாறிவிடவில்லை. நாற்றங்கால் தானே நாடாளுமன்றமாகிவிடவில்லை. எத்தனைக் கிணறு தோண்டினர், எத்தனை மரம் நட்டனர் என்று மட்டும் எண்ணுபவர்கள், பெண்களின் உழைப்பை எண்ணுகிறார்களே அன்றி அவர்கள் நிலையை எண்ணவில்லை. கிணற்றின் சாவி யார் கையில் இருக்கிறது? கணக்குப் புத்தகம் யார் மடியில் இருக்கிறது? நிலத்தின் தாளில் யார் பெயர் இருக்கிறது? ஒரு திட்டத்தை மதிப்பிட விரும்புவோர் இம்மூன்று வினாக்களையும் தவறாமல் கேட்க வேண்டும். வகுப்பறையில் ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வறுமையும் வறட்சியும் கூறும் பாடத்தோடு இவ்வினாக்களையும் மாணவர் முன் வைப்பார்களாயின், அம்மக்களின் வாழ்க்கை இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் தோன்றாது. கற்றுக்கொள்ளத்தக்க பொருளாகவும் தோன்றும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. கூட்டம் கூடிப் பேசவும், கணக்கெழுதவும், ஒருத்தியின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்ளவும் கூரைக் குழுக்களிலும் நாற்றங்கால்களிலும் பழகியவர்களே பின்னாளில் உரிமை கேட்க எழுந்தனர். 2005இல், மகள்களுக்கும் மகன்களுக்கும் தந்தையின் நிலத்தில் ஒத்த உரிமை உண்டு என்று கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, அவ்வழக்கில் உரிமை கேட்டு நின்றவர்கள் பேராசிரியர்களோ அமைச்சர்களோ அல்லர்; ஒரு குடும்பத்துப் பெண்களே. அவர்கள் கேட்டது தங்கள் கால் ஊன்றிய மண்ணில் ஒரு பங்கு. அதனைக் கேட்கும் துணிவு ஒருநாளில் முளைத்ததன்று. கூரையை ஒருத்திக்குப்பின் ஒருத்தியாக, கடைசி வீடு மூடப்படும்வரை முறை தவறாமல் போட்ட பெண்கள், பட்டாவையும் அவ்வாறே ஒருத்திக்குப்பின் ஒருத்தியாகப் பெற்று வருகின்றனர். கடைசி வீட்டின் முறை இன்னும் வரவில்லை.